890 என்று தொடங்கினால் இந்தியப் பொருளா? பார்கோடு எண்கள் உருவான வரலாறு

கேள்வி மூன்று பகுதிகளாக வந்திருக்கிறது. பொருளின் உறையில் அச்சிட்டிருக்கும் பார்கோடுக்குள் விலை இருக்கிறதா? அந்த எண் 890 என்று தொடங்கினால் பொருள் இந்தியாவில் தயாரானது என்று கொள்ளலாமா? இந்த எண்களை முதலில் யார், எப்படி வகுத்தார்கள்? முதல் இரண்டுக்கும் சுருக்கமான விடை ‘இல்லை’ என்பதுதான். முதலாவதற்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஏன் இல்லை என்பது மூன்றாவது கேள்விக்கான விடையில் அடங்கியிருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் அமைத்துத் தரும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இது: பார்கோடின் வரலாற்றை எல்லோரும் கோடுகளின் வரலாறாகவே சொல்கிறார்கள், உண்மையில் கடினமாக இருந்தது கோடு அன்று, எண்ணைப் பற்றிய உடன்பாடு.

கோடுகளின் கதை 1948-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் தொடங்குகிறது. ஒரு மளிகைத் தொடர்கடை நிறுவனத்தின் தலைவர் டிரெக்ஸல் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வந்து, வாடிக்கையாளர் எடுத்துவரும் பொருளைக் கல்லாவில் தானாகவே அடையாளம் காணும் ஏற்பாடு ஒன்றை உங்கள் ஆய்வாளர்கள் செய்து தர முடியுமா என்று துறைத் தலைவரிடம் கேட்டார். கல்லூரி அதை ஏற்கவில்லை. ஆனால் பெர்னார்ட் சில்வர் என்ற முதுநிலை மாணவர் அந்த உரையாடலைத் தற்செயலாகக் கேட்டு, தம் நண்பர் நார்மன் ஜோசப் வுட்லேண்டிடம் சொன்னார். புற ஊதா ஒளியில் ஒளிரும் மையைக் கொண்டு இருவரும் செய்து பார்த்த முதல் முயற்சி, மை மங்கிப் போனதாலும் செலவு மிகுந்ததாலும் கைவிடப்பட்டது. பிறகு மயாமி கடற்கரையில் இருந்த தம் தாத்தாவின் வீட்டுக்குப் போன வுட்லேண்ட், சாரணர் இயக்கத்தில் கற்ற மோர்ஸ் குறியீட்டை நினைத்தபடி மணலில் புள்ளியும் கோடுமாக விரல்களை ஊன்றினார். அந்த விரல்களை அப்படியே தம்மை நோக்கி இழுத்தபோது, புள்ளிகள் மெல்லிய கோடுகளாகவும் கோடுகள் தடித்த பட்டைகளாகவும் நீண்டன. 1949 அக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1952 அக்டோபர் 7-இல் அது கிடைத்தது. எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் படிக்க வேண்டும் என்பதற்காக, நேர்கோடுகளோடு, அவற்றை வளைத்து அமைத்த வட்டங்களின் வடிவத்தையும் அதில் சேர்த்திருந்தார்கள்.

அவர்கள் செய்துகாட்டிய கருவியில் 500 வாட் குண்டு பல்பு எரிந்தது. வெளிச்சம் அவ்வளவு தேவைப்பட்டது. குறியைப் படித்தாலும் படித்ததைக் கணக்கிட்டுச் சொல்ல, கடையில் வைக்கக்கூடிய கணினி அன்று இல்லை. காப்புரிமையை 15,000 டாலருக்கு விற்றார்கள். அது பிறகு ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் கைக்குப் போய், யாருக்கும் பெரிய பயனின்றி 1969-இல் காலாவதியாயிற்று. சில்வர் 1963-லேயே 38 வயதில் இறந்துவிட்டார். 1960-இல் லேசர் வந்ததும், அந்தப் பத்தாண்டுகளில் கணினிகள் சிறுத்து விலை குறைந்ததும்தான் இந்த யோசனைக்கு உயிர் கொடுத்தன.

இனி, எண். 1960-களின் இறுதியில் ஆட்கூலி ஏறிக்கொண்டே போனதால், ஒவ்வொரு டப்பாவிலும் விலைச் சீட்டு ஒட்டுவதும் அதைப் பார்த்துக் கல்லாவில் தட்டச்சு செய்வதும் அமெரிக்க மளிகைக் கடைகளுக்குப் பெருஞ்சுமையாகிவிட்டன. ஒவ்வொரு கடை நிறுவனமும் தனக்கென ஒரு குறியை வைத்துக்கொண்டால், உற்பத்தியாளர் ஒரே பிஸ்கட் பொட்டலத்துக்குப் பத்து வகை உறை அச்சிட வேண்டியிருக்கும். ஒவ்வோர் உற்பத்தியாளரும் தனக்கென ஒன்றை வைத்துக்கொண்டால் கடைக்காரர் பத்து வகைக் கருவி வாங்க வேண்டியிருக்கும். ஆகவே 1969-இல் இரு தரப்புச் சங்கங்களின் பிரதிநிதிகளும் சின்சினாட்டி நகரில் கூடிப் பேசினார்கள். தங்களிடம் ஏற்கெனவே இருந்த சரக்கு எண்களை அப்படியே உள்ளடக்கக்கூடிய 11 இலக்க எண் வேண்டும் என்றார்கள் உற்பத்தியாளர்கள். எண் நீண்டால் கருவியின் விலையும் ஏறும், 7 இலக்கம் போதும் என்றார்கள் கடைக்காரர்கள். அந்தக் கூட்டம் முடிவின்றிக் கலைந்தது.

மறு ஆண்டில் இரு தரப்பும் சேர்ந்து, ஹெய்ன்ஸ் உணவு நிறுவனத்தின் தலைவர் பர்ட் குக்கினின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தன. மெக்கின்சி ஆலோசனை நிறுவனம் கணக்குப் போட்டுக் கொடுத்தது. குழு கண்ட தீர்வு 10 இலக்கம்: முதல் ஐந்து உற்பத்தியாளரைக் குறிக்கும், அடுத்த ஐந்தை அந்த உற்பத்தியாளர் தம் பொருள்களுக்குத் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். பார்க்க எளிய ஏற்பாடுதான். ஆனால் இதில் ஒரு முக்கியமான துறப்பு இருக்கிறது. விலை, எடை, வகை, தயாரான ஊர் என்று எதையும் அந்த எண்ணுக்குள் வைப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். எண் ஒரு பெயர் மட்டுமே. அந்தப் பெயருக்கு உரிய விலை கடையின் கணினியில் இருக்கும். விலையை எண்ணுக்குள் வைத்திருந்தால், கடைக்காரர் ஒரு காசு குறைத்து விற்க விரும்பினாலும் உற்பத்தியாளர் உறையை மாற்றி அச்சிட வேண்டி வந்திருக்கும். இந்தத் துறப்புத்தான் ஏற்பாட்டை இத்தனை காலம் வாழ வைத்தது என்பது என் கருத்து.

எண்ணை முடிவு செய்த பிறகே குறியின் வடிவம் விவாதத்துக்கு வந்தது. வரிசை இப்படி அமைந்ததும் நல்லதாயிற்று. ஆலன் ஹேபர்மன் தலைமையிலான துணைக்குழு பல நிறுவனங்களிடம் வடிவங்களைக் கேட்டது. கேட்கும்போதே, தேர்வாகும் குறி எவருடைய தனி உடைமையாகவும் இருக்கக் கூடாது, பொதுச் சொத்தாக வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. முன்னணியில் இருந்தது ஆர்.சி.ஏ.யின் வட்டக் குறி; 1972 ஜூலையில் அதைச் சின்சினாட்டியில் ஒரு குரோகர் கடையில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வட்டத்துக்கு அச்சகத்தில்தான் தோல்வி காத்திருந்தது. உறை அச்சு இயந்திரத்தில் வேகமாக ஓடும்போது, தாள் நகரும் திசையில் மை சற்றே இழுபடும். அதனால் வட்டத்தின் ஒரு பக்கத்து வளையங்கள் தடித்துவிடும், கருவியால் படிக்க முடியாது. நேர்கோடுகளைத் தாள் ஓடும் திசையிலேயே அமைத்துவிட்டால், மை இழுபட்டாலும் கோடு நீளுமே தவிரத் தடிக்காது. இதைக் கண்டு வட்டத்தை விட்டுவிட்டு நேர்கோட்டு வடிவத்தை வகுத்தவர் ஐ.பி.எம். பொறியாளர் ஜார்ஜ் லாரர். மணலில் கோடு போட்ட வுட்லேண்டும் அப்போது ஐ.பி.எம்.மில்தான் வேலை பார்த்தார். 1973 ஏப்ரல் 3-இல் குழு லாரரின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. இதுவே யூ.பி.சி. எனப்படும் குறி.

அந்த வடிவத்தின் உள்ளமைப்பைக் கொஞ்சம் நின்று பார்ப்பது தகும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் சம அகலமுள்ள 7 கட்டங்கள் ஒதுக்கப்படுகின்றன. அந்த ஏழுக்குள் இரண்டு கருங்கோடுகளும் இரண்டு வெள்ளை இடைவெளிகளும் மாறி மாறி வர வேண்டும். அப்படி ஏழைப் பிரிக்க மொத்தம் 20 வழிகள் உள்ளன. அவற்றில் சரிபாதியான 10 வடிவங்களில் கருங்கட்டங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை; மற்ற 10-இல் இரட்டைப்படை. லாரர் குறியை நடுவே இரண்டாகப் பிரித்து, இடப்பாதியில் உள்ள ஆறு இலக்கங்களுக்கும் ஒற்றைப்படை வடிவங்களையும், வலப்பாதிக்கு அவற்றின் கறுப்பு வெள்ளையை மாற்றிப் போட்ட வடிவங்களையும் பயன்படுத்தினார். ஏழில் ஒற்றைப்படை போக மிஞ்சுவது இரட்டைப்படை என்பதால், வலப்பாதி முழுவதும் தானாகவே இரட்டைப்படையாகிவிடுகிறது. கல்லாவில் இருப்பவர் பொட்டலத்தைத் தலைகீழாகக் காட்டினாலும், முதலில் வருவது ஒற்றையா இரட்டையா என்று பார்த்து, எந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறோம் என்பதைக் கருவி அறிந்துகொள்ளும். இரண்டு பாதிகளையும் தனித்தனியே படித்துச் சேர்க்கலாம் என்பதால், குறுக்கும் நெடுக்குமாக ஓடும் லேசர் கதிருக்குக் குறி எந்தக் கோணத்தில் கிடந்தாலும் கவலையில்லை. வட்டம் செய்ய வேண்டிய வேலையை இந்த வடிவம் நேர்கோட்டைக் கொண்டே செய்துவிட்டது. இடப்பாதியில் பயன்படாத பத்து இரட்டைப்படை வடிவங்கள் மிச்சம் இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்குப் போகும்போது தேவைப்படும்.

குழு கேட்டிருந்த 10 இலக்கத்துக்கு முன்னால் எண் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்பதைக் குறிக்கும் ஓர் இலக்கமும் பின்னால் ஒரு சரிபார்ப்பு இலக்கமும் சேர்ந்து 12 ஆயின. 1974 ஜூன் 26 காலை 8 மணி தாண்டி ஒரு நிமிடத்தில், ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில் மார்ஷ் என்ற சூப்பர் மார்க்கெட்டில் பத்துப் பொட்டலங்கள் கொண்ட ரிக்லி ஜூஸி ஃப்ரூட் சூயிங்கம் கட்டு ஒன்று கருவியின் மேல் நகர்த்தப்பட்டது. கல்லாத் திரையில் 67 சென்ட் என்று விழுந்தது. வாங்கியவர் தெருவில் போன வாடிக்கையாளர் அல்லர், அந்தக் கடை நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவரே. அவ்வளவு சிறிய பொருளிலும் குறியை அச்சிட முடியும் என்று காட்டவே சூயிங்கம்மை எடுத்ததாக அவர் பின்னாளில் சொன்னார். கல்லாக் கருவிகளைச் செய்த என்.சி.ஆர். நிறுவனத்தின் தலைமையகம் பக்கத்து நகரமான டேட்டனில் இருந்ததால், கோளாறு வந்தால் உடனே ஆள் வரலாம் என்ற வசதியும் டிராய்க்கு இருந்தது.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்ததாக நினைக்க வேண்டாம். போதுமான பொருள்களில் குறி இருந்தால் கருவி வாங்குகிறோம் என்று கடைக்காரர்களும், போதுமான கடைகளில் கருவி இருந்தால் குறியை அச்சிடுகிறோம் என்று உற்பத்தியாளர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் ஒரு வணிக இதழ் இத்திட்டம் தோற்றுவிட்டது என்றே எழுதியது. நுகர்வோர் அமைப்புகளின் எதிர்ப்பும் கடுமையாக இருந்தது; பொருளின் மேல் ஒட்டிய விலைச் சீட்டு மறைந்துவிட்டால், அலமாரியில் ஒரு விலையும் கல்லாவில் ஒரு விலையுமாக ஏமாற்றலாமே என்று அவர்கள் அஞ்சினார்கள். அது வீண் அச்சம் அன்று. மிச்சிகன் மாநிலம் ஒவ்வொரு பொருளிலும் விலை ஒட்டியாக வேண்டும் என்று 1976-இல் சட்டம் போட்டு, 2011 வரை அதை நடைமுறையில் வைத்திருந்தது. 1980-களில் கே-மார்ட் போன்ற பெரும் பல்பொருள் கடைகள் மளிகையல்லாத சரக்குகளுக்கும் இக்குறியைக் கேட்கத் தொடங்கிய பிறகே பரவல் உறுதியாயிற்று. கோடுகளுக்குள் 666 என்ற சாத்தானின் எண் ஒளிந்திருப்பதாக எழுந்த வதந்திக்கு லாரர் கடைசிவரை பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரங்களிலும் நடுவிலும் உள்ள எல்லைக் கோடுகள் ஆறின் வடிவத்தைக் கொஞ்சம் ஒத்திருப்பதுதான் அதற்குக் காரணம்.

ஐரோப்பியர் 1977-இல், 12 நாடுகளின் உற்பத்தியாளர்களும் வணிகர்களும் சேர்ந்து, பிரஸ்ஸல்ஸில் தங்கள் சொந்த எண் அமைப்பைத் தொடங்கினார்கள். இ.ஏ.என். என்பது அதன் சுருக்கப் பெயர். பல நாடுகளுக்கு எண்ணைப் பங்கிட வேண்டியிருந்ததால் 12 இலக்கம் போதவில்லை, 13 வேண்டியிருந்தது. குறியை நீட்டினாலோ, அமெரிக்கக் குறியோடு பொருந்தாது. அதற்கு அவர்கள் கண்ட வழி மிக நேர்த்தியானது. லாரர் பயன்படுத்தாமல் விட்டிருந்த அந்தப் பத்து இரட்டைப்படை வடிவங்களை எடுத்து, இடப்பாதியில் ஒற்றைப்படை வடிவங்களோடு கலந்தார்கள். எந்த வரிசையில் கலந்திருக்கிறது என்பதே 13-ஆவது இலக்கத்தைச் சொல்லும். அதாவது, 8-இல் தொடங்கும் எண்ணில் அந்த 8-க்கென்று ஒரு கோடுகூடக் கிடையாது. அடுத்த ஆறு இலக்கங்கள் ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை, இரட்டை, ஒற்றை என்று அமைந்திருப்பதிலிருந்து அது 8 என்று கருவி ஊகித்துக்கொள்கிறது. ஆறும் ஒற்றையாக இருந்தால் முதல் இலக்கம் 0. ஆகவே அமெரிக்காவின் பழைய குறிகள் ஒவ்வொன்றும், ஒரு கோடும் மாறாமல், 0-இல் தொடங்கும் 13 இலக்கக் குறியாகிவிட்டன. உறையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: முதல் இலக்கம் மட்டும் கோடுகளுக்கு வெளியே இடப்புறம் தனித்து நிற்கும்.

இந்த இணக்கம் ஒருவழிப் பாதையாகவே நெடுங்காலம் இருந்தது. ஐரோப்பியக் கருவிகள் அமெரிக்கக் குறியைப் படித்தன. அமெரிக்கக் கடைகளின் கணினிகளோ 12 இலக்கத்துக்கு மேல் ஏற்கவில்லை. அங்கே ஏற்றுமதி செய்தவர்கள் தனியாக ஓர் அமெரிக்க எண் வாங்க வேண்டியிருந்தது. 2005 ஜனவரி 1-க்குள் தங்கள் கணினிகளைச் சரிசெய்துகொள்ளும்படி அமெரிக்க, கனடியக் கடைகளுக்குக் கெடு வைக்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் இரண்டும் ஜி.எஸ்.1 என்ற ஒரே பெயரின் கீழ் வந்தன.

இப்போது 890-க்கு வருவோம். ஜி.எஸ்.1 அமைப்புக்கு நாடுதோறும் கிளைகள் உண்டு. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு முன்னெண் தரப்பட்டிருக்கிறது. இந்தியாவுக்கு 890, இலங்கைக்கு 479, சிங்கப்பூருக்கு 888, மலேசியாவுக்கு 955, சீனாவுக்கு 690 முதல் 699 வரை. இந்த எண் எந்தக் கிளை நிறுவனத்தைப் பதிவு செய்தது என்பதை மட்டுமே காட்டும். இந்தியாவில் பதிவு செய்த நிறுவனம் தன் பொருளை வெளிநாட்டில் செய்வித்து 890 போடலாம். வெளிநாட்டில் பதிவு செய்த நிறுவனம் இங்கேயே ஆலை வைத்துத் தன் நாட்டு எண்ணைப் போடலாம். ‘690 என்று தொடங்கினால் வாங்காதீர்கள்’ என்று வாட்ஸாப்பில் சுற்றும் செய்தி இதனால்தான் பயனற்றது. எங்கே தயாரானது என்று அறிய வேண்டுமானால், உறையில் சட்டப்படி அச்சிட்டிருக்கும் உற்பத்தியாளர் முகவரியையும், இறக்குமதிப் பொருளானால் நாட்டின் பெயரையும் பார்க்க வேண்டும். நாடே அல்லாத முன்னெண்ணும் உண்டு. புத்தகங்களுக்கு 978, அதன் பின் வரும் 81, 93 ஆகியவை இந்தியப் பதிப்பாளர்களுக்கு உரியவை. தமிழ்ப் புத்தகங்களின் பின்னட்டையில் இவற்றைக் காணலாம். முன்பு 10 இலக்கமாக இருந்த புத்தக எண் 2007 ஜனவரி 1 முதல் 13 ஆனது இந்தப் பார்கோடு அமைப்போடு இசைவதற்காகத்தான்.

கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. பாடத்துக்காக 890123456789 என்ற 12 இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு தேவையோ அதுவே 13-ஆவது இலக்கம், இங்கே 0. ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தால் இக்கணக்கு எப்போதும் பிடித்துவிடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிக்கும். ஆனால் 1-உம் 6-உம் போல, அவற்றுக்கிடையே வேறுபாடு சரியாக 5 ஆக இருந்தால் பிடிக்காது. கையால் எண்ணை உள்ளிடும் கடைகளில் அபூர்வமாக ஒரு பொருளுக்கு வேறொரு பொருளின் பெயர் பில்லில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விலையைப் பற்றி நான் சொன்ன விதிவிலக்கு 2-இல் தொடங்கும் எண்களைச் சேர்ந்தது. 20 முதல் 29 வரையுள்ள முன்னெண்கள் கடைக்குள் மட்டும் பயன்படுத்த விடப்பட்டவை. சூப்பர் மார்க்கெட்டில் காய்கறியையோ பருப்பையோ நிறுத்து ஒட்டித் தரும் சீட்டில், சில இலக்கங்கள் பொருளையும் மற்றவை எடையையோ விலையையோ குறிக்கும்படி கடையே அமைத்துக்கொள்கிறது. அந்தச் சீட்டு பக்கத்துக் கடையில் செல்லாது. மற்றபடி, எண்ணுக்குரிய விலை கடையின் கணினியில்தான் இருக்கிறது. இந்தியாவில் இதில் ஒரு தனிச் சிக்கல் எழுகிறது. இங்கே அதிகபட்ச சில்லறை விலையைப் பொட்டலத்தின் மேலேயே அச்சிட வேண்டும். நிறுவனங்கள் விலையை ஏற்றும்போது பார்கோடு எண்ணைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. ஆகவே 48 ரூபாய் போட்ட பழைய சரக்கும் 52 ரூபாய் போட்ட புதுச் சரக்கும் ஒரே எண்ணோடு ஒரே அலமாரியில் நிற்கின்றன. பில் போடுபவர் ஸ்கேன் செய்த பிறகும் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துத் திரையில் எதையோ தேர்ந்தெடுப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவர் தேர்ந்தெடுப்பது இந்த இரண்டு விலைகளில் ஒன்றை. அவசரத்தில் தவறானதைத் தொட்டுவிடுவதும் உண்டு என்பதால், பில்லை அங்கேயே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தச் சிக்கலுக்குக் கோடுகளிடம் விடை இல்லை; பொருளின் பெயருக்கு மேல் எதையும் சுமக்க அவற்றில் இடமில்லை. ஜப்பானின் டென்சோ நிறுவனம் வாகன உதிரிப் பாகங்களைக் கண்காணிக்க 1994-இல் உருவாக்கிய க்யூ.ஆர். குறியில் அந்த இடம் உண்டு. 2027-இன் இறுதிக்குள் உலகெங்கும் உள்ள கடைகளின் கருவிகள் பழைய கோட்டுக் குறியோடு இத்தகைய சதுரக் குறிகளையும் படிக்கத் தயாராக வேண்டும் என்பது ஜி.எஸ்.1-இன் இப்போதைய இலக்கு. அப்போது உற்பத்தித் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் குறிக்குள்ளேயே வரலாம். காலாவதியான பொருளைக் கல்லாவே மறுக்க முடியும், ஒரே எண்ணுள்ள பழைய சரக்கையும் புதுச் சரக்கையும் தொகுதி எண்ணைக் கொண்டு பிரிக்கவும் முடியும். அந்தச் சதுரத்துக்குள் பொருளின் எண் 14 இலக்கமாக எழுதப்படும். நம் 8901234567890 அங்கே 08901234567890 ஆகும். 12-ஐ 13 ஆக்க ஐரோப்பியர் செய்ததைப் போலவே, இப்போதும் முன்னால் ஒரு 0 சேர்த்திருக்கிறார்கள்.